சிவப்பு முக்கோணம் எரியுது, பற்றரி போச்சா?

சூடான கச்சான் காற்று தொடங்கிவிட்டால் எனக்கு வரும் கேள்விகளின் நிறமே மாறிவிடும். எல்லாம் பெற்றோலிலும் மின்சாரத்திலும் ஓடும் ஹைபிரிட் கார்களின் பற்றரிதான். இந்த முறை வந்தவற்றில் சில.

கேள்வி (ஏறாவூர்): 2011 பிரியஸ். டாஷ்போர்டில் முக்கோணம் எரிந்தது. ஸ்கேன் செய்தபோது பி0ஏ80 என்ற பிழைக் கோடு (code) வந்தது. பற்றரியை முழுதாக மாற்ற வேண்டும் என்கிறார்கள் கராஜில். மாற்றட்டுமா?

இன்னும் காசை எண்ண வேண்டாம். அந்தக் கோடுக்கு எதிரே புத்தகத்தில் "பற்றரியை மாற்று" என்றுதான் அச்சடித்திருக்கிறது, அதனால் கராஜ்காரரைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் காரின் கணினிக்குத் தெரிவது ஒன்றே ஒன்றுதான்: பற்றரிக்குள் ஒரு தொகுதியின் வோல்ற் மற்றத் தொகுதிகளோடு ஒத்துப்போகவில்லை. ஏன் ஒத்துப்போகவில்லை என்பதை நாம்தான் தேட வேண்டும்.

உங்கள் பற்றரியில் 28 மொடியூல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் 1.2 வோல்ற் செல் 6, மொத்தம் 201.6 வோல்ற். கணினி இவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்து 14 தொகுதிகளாக அளக்கிறது. காரின் கணினியோடு பேசும் ஒரு புளூடூத் ஓபிடி கருவியும், போனில் டாக்டர் பிரியஸ் போன்ற ஒரு அப்பும் இருந்தால் அந்த 14 எண்களையும் நீங்களே பார்க்கலாம். நிறுத்தி வைத்துப் பார்த்தால் எல்லாம் நல்ல பிள்ளைகள் மாதிரி ஒரே அளவில் நிற்கும். ஓட்டிப் பார்க்க வேண்டும். வெறும் வீதியில் ஆக்சிலேட்டரை அழுத்துங்கள், பிறகு பிரேக் பிடியுங்கள். போனைப் பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும். ஒரே ஒரு தொகுதி மட்டும் மற்றவற்றை விட 1 வோல்ற்றுக்கு மேல் சரிந்தால், அதற்குள் ஒரு செல் செத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். ஒரு செல்லின் அளவே அவ்வளவுதானே. நாலைந்து தொகுதிகள் தள்ளாடினால் பற்றரி களைத்துவிட்டது, கராஜில் சொன்னது சரி.

அதற்கு முன் இரண்டு இடம் பார்க்க வேண்டும். பின் இருக்கையின் பக்கவாட்டில் ஒரு காற்றுத் துவாரம் இருக்கும். பற்றரியைக் குளிர வைக்கும் காற்றாடி அதன் வழியாகத்தான் மூச்சு விடுகிறது. கொழும்புக்குப் போகும்போது அந்த மூலையில் தலையணை, பாய், பை எல்லாம் அடுக்கிவிடுவோம். வருடக்கணக்கில் நூலும் தூசியும் அடைந்து காற்றாடி கம்பளி போர்த்தின மாதிரி இருக்கும். சூடு வெளியே போகாமல் நடுவில் இருக்கும் மொடியூல்கள்தான் முதலில் வேகும்.

இரண்டாவது, மொடியூல்களை இணைக்கும் செப்புத் தகடுகள். நம் ஊர் வாவிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கிறது. உப்புக் காற்றில் தகட்டில் பச்சை பூத்தால் அளவு பொய்யாகும், கணினி செல்லைக் குற்றம் சொல்லும். தகட்டைச் சுத்தம் செய்ததிலேயே முக்கோணம் அணைந்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். ஆனால் மூடியைத் திறப்பது உங்கள் வேலை இல்லை. உயர் வோல்ற்றைத் துண்டிக்கும் சேவிஸ் பிளக்கைக் கழற்றி, 10 நிமிடம் பொறுத்து, உயர் வோல்ற் கையுறை போட்டுச் செய்பவரிடம் கொடுங்கள். வெறுங்கையோடு திறக்கிறவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் வண்டியைத் திருப்பிக் கொண்டுபோங்கள்.

ஒரு மொடியூலை மட்டும் மாற்றலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். மாற்றலாம். ஆனால் பழைய மாடுகளோடு ஒரு புதுக் கன்றைப் பூட்டினால் ஏர் நேராகப் போகாது. மற்ற 27க்கும் நெருங்கின கொள்ளளவு உள்ளதாக அளந்து போட்டால் கொஞ்சக் காலம் ஓடும். அளக்காமல் போட்டால் அடுத்த கச்சானுக்கு இன்னொன்று போகும்.

கேள்வி (கல்முனை): சேர், அக்குவாவை மூன்று கிழமை ஓட்டாமல் வைத்திருந்தோம். இப்போது எல்லா லைற்றும் எரிகிறது, திரையில் ஜப்பான் எழுத்தில் ஏதோ வருகிறது. வண்டி ஓடத் தயார் என்று காட்டும் ரெடி வரவில்லை.

பெரிய பற்றரியை மறந்துவிட்டு, பின் இருக்கைக்குக் கீழே இருக்கும் சின்ன 12 வோல்ற் பற்றரியைப் பாருங்கள். கணினிகளை எழுப்புவது அதுதான். அது தூங்கினால் கணினிகள் அரைத் தூக்கத்தில் ஒன்றையொன்று குற்றம் சொல்லும். மல்ரிமீற்றரில் 12.6க்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது, 12க்குக் கீழே என்றால் சார்ஜ் செய்து மறுபடி பாருங்கள். ரெடி வந்த பிறகு 14க்குக் கிட்ட ஏற வேண்டும். ஏறாவிட்டால்தான் கவலை.

இந்த வண்டியில் ஆல்டர்நேட்டர் கிடையாது. ரெடியில் இருக்கும்போது மட்டும்தான் சின்னப் பற்றரிக்குச் சார்ஜ் போகும். ரேடியோ கேட்டுக்கொண்டு உட்கார்ந்தால் அது இறங்கிக்கொண்டே இருக்கும். புதிதாக வாங்கினால் ஆவிக் குழாய் பொருத்தும் வசதியுள்ளதை வாங்குங்கள், நீங்கள் இருக்கும் அறைக்குள்தானே அது இருக்கிறது. ஜம்ப் கொடுக்கும்போது பிளஸ், மைனஸ் மாறிவிட்டால் பற்றரி மின்சாரத்தை மோட்டாருக்கு மாற்றிக் கொடுக்கும் இன்வேட்டரையே பலி கொடுக்க நேரும். ஜப்பான் எழுத்துக்குப் போனின் மொழிபெயர்ப்புக் கமரா போதும்.

கேள்வி (அக்கரைப்பற்று): பிரியஸுக்கு ஏசி காஸ் அடித்துக்கொண்டு வந்தோம். இரண்டு நாளில் பி0ஏஏ6. காக்கா, ஏசிக்கும் பற்றரிக்கும் என்ன சம்பந்தம்?

நிறையச் சம்பந்தம். அந்தக் கோட்டின் பொருள் உயர் வோல்ற் மின்சாரம் எங்கேயோ வண்டியின் உடம்புக்குக் கசிகிறது என்பது. உங்கள் ஏசி கம்பிரசர் பெல்ட்டில் ஓடுவது இல்லை, அந்த 201 வோல்ற்றில் ஓடுகிறது. அதற்குள் என்டி ஒயில் 11 மட்டும்தான் போக வேண்டும். சாதாரண வண்டிக்குப் போடும் பிஏஜி ஒயில் கலந்தால் மின்காப்பு கெட்டு, கசிவு தொடங்கும்.

கோடின் பின்னால் வரும் மூன்று இலக்கத் துணை எண்ணைக் கேட்டு வாங்குங்கள். 611 என்றால் ஏசி, 612 பற்றரி, 613 கியர்பொக்ஸ் பக்கம். சாதாரண ஸ்கேனர் இதைக் காட்டாது, டொயோட்டாவின் டெக்ஸ்ட்ரீம் மென்பொருள் வேண்டும். மார்கழி வெள்ளத்தில் ஓட்டிய வண்டியில் 612 வந்தால் பற்றரிப் பெட்டிக்குள் தண்ணீர் போயிருக்கலாம். கசிவைக் கண்டுபிடிக்கும் வரை, உயர் வோல்ற் ஓடும் செம்மஞ்சள் நிற வயர் எதையும் தொடாதீர்கள்.

கேள்வி (களுவாஞ்சிக்குடி): மஹியங்கனை வழியாகக் கண்டியில் இருந்து வரும்போது 18 வளைவில் இறங்கையில் என்ஜின் கத்துகிறது. பற்றரி பழுதா?

இல்லை. இறக்கத்தில் பற்றரி நிரம்பிவிட்டது, மிச்ச வேகத்தை என்ஜின் பிடித்து வைக்கிறது. கத்தட்டும்.

கேள்வி (வாழைச்சேனை): வண்டியை விற்கப் போகிறேன். பிழைக் கோடை ஸ்கேனரால் அழித்துவிட்டால் தெரியாதுதானே?

தெரியும். அழித்ததும் காரின் கணினி தானே செய்துகொள்ளும் சோதனைகள் எல்லாம் "முடியவில்லை" என்ற நிலைக்குத் திரும்பிவிடும். அழித்த பிறகு எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்றும் பல வண்டிகள் தனியாக எண்ணி வைக்கும். வாங்க வருபவரின் போனில் "12 கிலோமீற்றர்" என்று காட்டினால் நீங்கள் சொன்ன விலையில் அவர் பாதிதான் கேட்பார். வாங்குபவர்கள் இதையும் பார்க்கலாம் என்று இப்போது எழுதியும் விட்டேன், மன்னிக்க வேண்டும்.