மும்பையில் மிளகாயின் நிறத்தை நம்பாதீர்கள், தம்பி

விருதுநகரிலிருந்து மும்பை வந்து இரண்டு மாதம் ஆகிறது, அம்மா சொன்ன அளவில்தான் வற்றல் போடுகிறேன், சாம்பார் செக்கச்செவேலென்று வருகிறது, காரம் மட்டும் இல்லையே என்று கேட்டிருக்கிறீர்கள். அளவில் தப்பில்லை தம்பி. கடைக்காரர் உங்களுக்குக் கொடுத்தது பேட்கி என்ற மிளகாயாக இருக்கும்.

நான் செம்பூருக்குக் குடிவந்து 22 வருடம் ஆகிறது. வந்த புதிதில் வத்தக்குழம்புக்கு அதே மிளகாயைப் பன்னிரண்டு போட்டேன். குழம்பு பார்க்க ரத்தச் சிவப்பு, வாயில் வைத்தால் வெறும் புளி. மறுநாள் தேங்காய்ச் சட்னிக்கு, ஊர்ப் பழக்கத்தில், விரல் நீளம்கூட இல்லாத பச்சை மிளகாய் ஆறு வைத்து அரைத்தேன். அது லவங்கி என்ற கடுங்கார மிளகாய். என் பெண் அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது. தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருந்தேன், அடங்கவில்லை. காரம் தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். தயிர் கொடுத்திருக்க வேண்டும்.

பேட்கி கர்நாடகத்தின் ஹாவேரி மாவட்டத்து ப்யாடகி ஊர்க்காரி. தோல் சுருக்கம் சுருக்கமாக, மடித்து வைத்த பட்டுத் துணி மாதிரி இருக்கும். நிறத்துக்கு அதை மிஞ்ச ஆளில்லை, காரம் கொஞ்சம்தான். காரத்துக்குக் குண்டூர் அல்லது சங்கேஸ்வரி என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். சாம்பார் பொடிக்கு நான் இரண்டு பங்கு குண்டூர், ஒரு பங்கு பேட்கி சேர்க்கிறேன். பஜ்ஜி மிளகாய்க்கு இங்கே பாவ்நகரி என்று பெயர்.

கடையில் 'காரா' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், இங்கே அது உப்பு. 'தீகா' என்று கேட்க வேண்டும்.

தாளிப்புக்கு மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. அதற்கு நம் குண்டு மிளகாய்தான். காதருகே வைத்து ஆட்டினால் விதை கலகலவென்று சத்தம் போடும். நல்லெண்ணெயில் போட்டதும் உப்பி, கருஞ்சிவப்பாக மாறும்போது வரும் வாசனை வேறு எந்த மிளகாயிலும் எனக்குக் கிடைத்ததில்லை. இந்தக் குண்டு வகையைச் சேர்ந்த ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கத்து நம்மூர்க் கடைகளில் கேட்டுப் பாருங்கள். ஆனால் ஊருக்குப் போனால் அம்மாவிடமே அரைக் கிலோ வாங்கி வருவது நல்லது.

அப்புறம், மொத்தமாக வாங்குவதென்றால் ஏப்ரல், மே மாதத்திலேயே வாங்கி, நல்ல வெயிலில் காயவைத்து, காம்பு கிள்ளாமல் காற்றுப் புகாத டப்பாவில் போட்டுவிடுங்கள். ஜூனில் மழை பிடித்தால் இந்த ஊர் ஈரத்தில் வற்றல் நமுத்து, உள்ளே பூஞ்சை வந்துவிடும். அரைக்கும் முன்பு ஒன்றிரண்டை உடைத்துப் பாருங்கள்.