வெளியூரில் பூத்தையல் சாமான் தேடுபவர்களுக்கு

கேள்வி: கல்முனையில் வசிக்கும் நான் குறுக்குத் தையலும் (கிராஸ் ஸ்டிச்) ஆரி வேலையும் (கொக்கி போன்ற ஊசியால் செய்யும் பூவேலை) செய்து வருகிறேன். இங்குள்ள கடைகளில் பொதுவான நிறங்களில் நூல் இருக்கிறது. நிறத்தின் இலக்கம் சொல்லிக் கேட்டால் கிடைப்பதில்லை. விரைவில் கொழும்புக்கும், அதன் பின் சென்னை வழியாக லண்டனில் இருக்கும் மகளிடமும் போகவிருக்கிறேன். இதற்கென்றே உள்ள கடைகளை அலையாமல் கண்டுபிடிக்க என்ன செய்ய வேண்டும்?

பதில்: எம்ப்ராய்டரி என்று பெயர்ப்பலகை போட்ட கடையைத் தேடிப் போனால், சேட்டுக்கும் பாடசாலைச் சின்னத்துக்கும் கணினி இயந்திரத்தில் பூப்போட்டுக் கொடுக்கும் இடத்தில்தான் பெரும்பாலும் போய் நிற்பீர்கள். கைவேலைக்கான நூலும் ஊசியும் தையல் சாமான் கடையில், பொத்தானுக்கும் லேசுக்கும் பின்னால், ஏதாவது ஒரு இலாச்சிக்குள் இருக்கும். ஆகவே புது ஊரில் நான் முதலில் விசாரிப்பது புடைவைக் கடையில் அல்ல. ரவிக்கை தைக்கும் ஒருவரிடம்தான். தன் சாமான்களை எங்கே வாங்குகிறார் என்பதை அவர் தெரு முனையோடு சேர்த்துச் சொல்லிவிடுவார்.

புறப்படுமுன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. இலக்கம் அச்சிட்ட காகிதப் பட்டையை நூல் தீர்ந்ததும் எறிந்துவிடாமல், ஒரு மட்டையில் ஒட்டி, அதன் பக்கத்தில் அதே நூலில் ஒரு விரல் நீளம் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கறுப்பு நூலுக்கு டிஎம்சி கம்பனி 310 என்றும் ஆங்கர் கம்பனி 403 என்றும் இலக்கம் இடுகின்றன. ஒரு கம்பனியின் இலக்கத்தை மட்டும் எழுதிக்கொண்டு மற்றக் கம்பனியின் நூலை வைத்திருக்கும் கடைக்குப் போனால் கடைக்காரரால் உதவ முடியாது. இரண்டையும் ஒப்பிடும் அட்டவணைகள் இணையத்தில் கிடைத்தாலும், பல நிறங்களுக்கு அவை கிட்டத்தட்டத்தான் பொருந்தும் என்பதால், கண்ணால் பார்க்க மட்டையில் உள்ள அந்தத் துண்டு நூல் வேண்டும். கடை விளக்கில் பார்த்த நிறத்தை நம்பாமல், வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் ஒப்பிடுங்கள். தைத்துக்கொண்டிருக்கும் வேலைக்கென்றால் தேவையான அளவை ஒரே தடவையில் வாங்குவது நல்லது. ஒரு கட்டு 8 மீற்றர், அதில் 6 இழை. 2 இழையாகத் தைத்தால் 24 மீற்றர் வரும் என்று கணக்குப் போட்டு வாங்கலாம்.

கொழும்பில் புறக்கோட்டையே போதும். மட்டக்களப்பிலிருந்து இரவுப் புகையிரதத்தில் போனால் விடியற்காலையில் இறங்கி, கடை திறக்கும்வரை காத்திருக்க நேரிடும். கோட்டை நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். மெயின் வீதி, கெய்சர் வீதி, அவற்றை வெட்டிச் செல்லும் குறுக்குத் தெருக்கள் ஆகியவற்றில் விசாரியுங்கள். ஞாயிறும் போயா தினமும் வேண்டாம். நம் பகுதியிலேயே காத்தான்குடிக்கோ சாய்ந்தமருதுக்கோ போவதானால், வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தைத் தவிர்த்துப் போவது உங்களுக்குத் தெரிந்ததுதான்.

ஆரி வேலைக்குச் சென்னையை விடச் சிறந்த இடம் கிடைக்காது. மணி, சம்கி, ஜரிகை, ஆரி ஊசி எல்லாவற்றுக்கும் சவுகார்பேட்டைக்குப் போங்கள். மொத்த வியாபாரக் கடைகளில் சிறிதளவு தரமாட்டார்கள். பையுடனோ பெட்டியுடனோதான் எடுக்க வேண்டியிருக்கும். வாசலிலேயே “சில்லறையாகத் தருவீர்களா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போனால் நேரம் மிஞ்சும். குறுக்குத் தையல் துணியை அங்கே மேட்டித் துணி என்று கேட்பதும் உண்டு.

லண்டனில் பெயரே வேறு. தையல் சாமான் கடையை ஹாபர்டாஷரி என்பார்கள். வரைபடத்தில் அந்தச் சொல்லைப் போட்டுத் தேடாவிட்டால் கம்பளி நூல் விற்கும் பின்னல் கடைகளே முன்னால் வரும். லிபர்ட்டி போன்ற பெரிய கடைகளில் அதற்கென ஒரு பகுதி உண்டு. ஜரிகையும் மணியும் வேண்டுமானால் அங்கே காசைக் கொட்டாமல் நம்மவர் கடைகள் நிறைந்த கிரீன் ஸ்ட்ரீட்டுக்கோ சவுத்ஹோலுக்கோ போகும்படி மகளிடம் சொல்லுங்கள். நேரம் இருந்தால், 1872இல் தொடங்கப்பட்டு இப்போது ஹம்ப்டன் கோர்ட் மாளிகையில் இயங்கும் ரோயல் ஸ்கூல் ஒஃப் நீடில்வேர்க் என்ற கைத்தையல் பள்ளியைப் பற்றியும் விசாரியுங்கள். பார்வையிட முன்பதிவு தேவையா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்த ஊரானாலும் புறப்படுமுன் தொலைபேசியில் பேசுங்கள். ஒருமுறை நான் இணையத்தில் பார்த்த முகவரிக்கு இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தபோது அது ஒரு குடும்பத்தின் வீடாக இருந்தது. தபாலில் மட்டும் விற்பவர்களாம். வரைபடத்தில் நட்சத்திரங்களை எண்ணுவதை விட, வாடிக்கையாளர் போட்ட படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். நூல் இலக்க வரிசையில் அடுக்கப்பட்டிருந்தால் அதுதான் நீங்கள் தேடும் கடை. பேசும்போது “எம்ப்ராய்டரி நூல் இருக்கிறதா?” என்று கேட்காதீர்கள், எல்லோரும் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். கிடைக்காத இரண்டு இலக்கங்களைச் சொல்லி, எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

துணிக்கு மட்டும் அவசரப்பட வேண்டாம். குறுக்குத் தையலுக்கான கட்டத் துணியான அயிடாவில், அங்குலத்துக்கு 14 கட்டம் உள்ளதில் 140 கட்ட அகலமுள்ள படம் 10 அங்குலம் வரும். 18 கட்டத்தில் எட்டு அங்குலத்துக்கும் குறைவு. எந்தக் கட்டம் வேண்டும் என்பதை வீட்டிலேயே முடிவு செய்யுங்கள். அதோடு, உங்கள் பக்கத்து ஊரான மருதமுனையின் கைத்தறித் துணியையும் ஒருமுறை சோதியுங்கள். ஒரு மட்டையில் ஓர் அங்குலச் சதுரம் வெட்டி, துணியின் மேல் வைத்து, பூதக்கண்ணாடியால் நீள இழையையும் குறுக்கிழையையும் தனித்தனியே எண்ணுங்கள். இரண்டும் சமமானால் குறுக்குத் தையலுக்கு உதவும். சமமில்லாவிட்டால் பூ ஒரு பக்கமாக நீண்டுவிடும்.

விமானத்துக்குக் கத்தரிக்கோலையும் ஆரி ஊசிகளையும் பெரிய பெட்டிக்குள் போட்டுவிடுங்கள். நிறங்களை ஒட்டிய மட்டை கைப்பையில் இருக்கட்டும்.