பழத்தோலின் நிறமும் வழவழப்பும்: மரபணு குறித்த கேள்வி பதில்

கேள்வி: நெக்டரின் என்பது பீச்சையும் பிளம்ஸையும் கலந்து உண்டாக்கிய பழம் என்கிறார்களே, உண்மையா?

பதில்: இல்லை. நெக்டரினும் பீச்தான். பீச்சின் தோலைத் தடவும்போது விரலில் படும் பூனைமுடி வளர்வதற்கு ஒரு மரபணு இயங்கியாக வேண்டும். நெக்டரினில் அந்த மரபணுவுக்குள் ஒரு தாவும் மரபணு (இடம்விட்டு இடம் தாவக்கூடிய டி.என்.ஏ. துண்டு) புகுந்து அதைச் செயலிழக்கச் செய்திருப்பதை ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்டனர். தாய் தந்தை இருவழியிலும் பழுதான பிரதியே வந்து சேர்ந்தால்தான் தோல் வழவழப்பாகும். ஒரு பிரதி நன்றாக இருந்தாலும் முடி முளைத்துவிடும். ஆகவே, பழுதான பிரதி ஒன்றை மறைவாகச் சுமக்கும் பீச் மரத்தைத் தன் மகரந்தத்தாலேயே காய்க்கவிட்டு, அதன் கொட்டைகளை விதைத்தால், ஏறத்தாழ நான்கில் ஒரு கன்று நெக்டரினாக இருக்கும். பீச் மரத்தின் கிளையிலேயே நெக்டரின் காய்த்த நிகழ்வுகளை டார்வின் 19-ஆம் நூற்றாண்டிலேயே பதிவு செய்திருக்கிறார்.

கேள்வி: பச்சைத் திராட்சையிலிருந்துதான் கறுப்புத் திராட்சை தோன்றியதா?

பதில்: நேர்மாறானது. காட்டுத் திராட்சை கருநிறமானது. தோலில் ஆந்தோசயனின் நிறமியை உண்டாக்க ஆணையிடும் மரபணுக்கள் இரண்டு அடுத்தடுத்து அமைந்துள்ளன. பச்சைத் திராட்சையில் இரண்டுமே பழுதடைந்தவை. ஒன்றின் தொடக்கப் பகுதியில் தாவும் மரபணு அமர்ந்திருப்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2004-இல் காட்டினர். எனக்கு மிகவும் பிடித்த சான்று, 'இத்தாலியா' என்னும் பச்சை ரகத்தின் கிளை மாற்றமாக (ஒரு கிளையில் மட்டும் மரபணு மாறியதால்) கிடைத்த 'ரூபி ஒகுயாமா' என்னும் ரகம்: அதில் அந்தத் தாவும் மரபணுவின் பெரும்பகுதி விலகிவிட்டதால், தோல் மீண்டும் சிவந்தது.

கேள்வி: அப்படியானால் தாவும் மரபணு எப்போதும் கெடுக்கத்தான் செய்யுமா?

பதில்: அப்படிச் சொல்வது சரியன்று. சிசிலியின் எட்னா மலையடிவாரத்தில் விளையும் செவ்வாரஞ்சில், சிவப்பு நிறமியை உண்டாக்க ஆணையிடும் 'ரூபி' என்னும் மரபணுவுக்கு முன்னால் அமர்ந்த தாவும் மரபணுவே அதை இயக்கிவிடுகிறது. அதுவும் குளிர் பட்டால்தான் நன்றாக இயக்குகிறது என்பதால், இரவுக் குளிர் இல்லாத ஊரில் அதே மரம் வெளிறிய பழங்களையே தரும்.

கேள்வி: ஆப்பிள் ஒரு பக்கம் மட்டும் சிவப்பது ஏன்?

பதில்: நிறத்துக்கு ஆணையிடும் புரதத்தை, இருட்டில் வேறொரு புரதம் அழிவுக்கு அனுப்பிவிடுகிறது, வெளிச்சம் பட்டதும் அந்த அழிவு நின்று, நிறமி சேரத் தொடங்குகிறது. இலை மறைத்த இடம் வெளிறியே இருப்பதைப் பழத்தைத் திருப்பிப் பார்த்தாலே காணலாம். ஜப்பானின் அவோமோரியில் உறையிட்டு வளர்த்த பழத்தின் மேல் எழுத்து வடிவ ஒட்டுத்தாள்களை ஒட்டி வெயில் படவிடுகிறார்கள்; ஒட்டுத்தாளை உரித்தால் சிவந்த தோலில் எழுத்துகள் வெளிர்நிறத்தில் தெரியும்.

கேள்வி: சில ஆப்பிள்களில் தோல் பழுப்பாகச் சொரசொரப்பது நோயா?

பதில்: பெரும்பாலும் நோயன்று. பிஞ்சுப் பருவத்தில் மெழுகுப் படலம் வெடித்தால், அடியில் தக்கைத் திசு உருவாகி அந்த இடத்தை மூடுகிறது. படலம் எவ்வளவு உறுதியாக அமையும் என்பதில் மரபணுக்களுக்குப் பங்கு உண்டு. பனியும் ஈரமும் வெடிப்பைக் கூட்டுகின்றன.