மாசசூசெட்ஸில் டவுனின் கன்சர்வேஷன் நிலத்தில் பிறந்தநாள் விழா நடத்தலாமா? நாயை அவிழ்த்துவிடலாமா?

கேட்டவர் பாஸ்டனுக்கு மேற்கே ஒரு சிறிய டவுனுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கிறார். வீட்டுக்குப் பின்னாலேயே டவுனுக்குச் சொந்தமான கன்சர்வேஷன் நிலம், அதாவது இயற்கையைப் பாதுகாக்க ஒதுக்கிய நிலம். ஜூனில் மகளின் பிறந்தநாளை அங்கே முப்பது பேரோடு கொண்டாடலாமா, நாயை அவிழ்த்துவிடலாமா, காளான் பறிக்கலாமா என்பது கேள்வி.

நானும் அந்தப் பக்கம்தான், பதினான்கு வருடங்களாக. எங்கள் டவுனின் ட்ரெயில்களை (காட்டு நடைபாதைகளை) பார்த்துக்கொள்ளும் தன்னார்வலர்களில் ஒருவன். பாதையில் விழுந்த மரத்தை அகற்றுவது, மரங்களில் வழிக்குறி அடிப்பது, சேறு நிற்கும் இடத்தில் பலகை போடுவது எங்கள் வேலை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் நேரடியான பதில். முப்பது பேர் கூடும் விழாவுக்குப் பல டவுன்களில் முன் அனுமதி தேவைப்படும். கேட்டாலும் கிடைக்காமல் போகலாம். நாய் விஷயம் டவுனுக்கு டவுன், ஒரே டவுனில்கூட நிலத்துக்கு நிலம் மாறும். காளான் பல இடங்களில் கூடாது. செடி, கல், விறகு எதையும் எடுக்கக் கூடாது என்ற விதிக்குள் அதுவும் அடங்கிவிடும்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று தோன்றும். வந்த புதிதில் எனக்கும் தோன்றியது. பொது நிலம் என்றாலே நமக்குப் பூங்காவோ புறம்போக்கோதான் நினைவுக்கு வரும். இந்த நிலம் அந்த இரண்டிலும் சேராது. 1957-இல் மாசசூசெட்ஸ் ஒரு சட்டம் போட்டு, ஒவ்வொரு டவுனும் தனக்கென ஒரு கன்சர்வேஷன் கமிஷன், அதாவது இயற்கை வளங்களைக் காக்கும் ஒரு குழு, வைத்துக்கொள்ளலாம் என்றது. அமெரிக்காவில் அப்படிச் செய்த முதல் மாநிலம் இதுதான். நிலத்தையும் நீரையும் காப்பாற்றுவதற்காக நிலம் வாங்கும் வழியை அந்தச் சட்டம் திறந்தது. தன் பொறுப்பில் இருக்கும் நிலத்துக்கு விதி எழுதவும், மீறினால் 100 டாலர் வரை அபராதம் வைக்கவும் கமிஷனுக்கு அதிகாரம் உண்டு. 1972-இல் மாநில அரசியல் சாசனத்தில் 97-ஆம் திருத்தம் வந்தது. அதன்பின் இந்த நிலத்தை வேறு வேலைக்குத் திருப்ப வேண்டுமென்றால் மாநிலச் சட்டமன்றத்தின் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். டவுன் நினைத்தால் நாளைக்கே பார்க்கிங் போட்டுவிட முடியாது. எனக்கு அந்தச் சட்டத்தின் மேல் பெரிய மரியாதை உண்டு.

இன்னொரு விஷயம், நிலத்தின் பத்திரம். ஒரு துண்டு நிலத்தை ஒரு விவசாயக் குடும்பம் தானமாகக் கொடுத்திருக்கும், இன்னொன்றை டவுன் மீட்டிங்கில் (ஊர் மக்கள் கூடி முடிவெடுக்கும் கூட்டத்தில்) ஓட்டுப் போட்டு வாங்கியிருப்பார்கள், மூன்றாவது குடிநீர்க் கிணற்றைச் சுற்றியிருக்கும். தானம் கொடுத்தவர் ‘குதிரை வரலாம், சைக்கிள் கூடாது’ என்று எழுதி வைத்திருந்தால் அதுதான் அங்கே விதி. ஆகவே பக்கத்து ட்ரெயிலில் பார்த்ததை வைத்து முடிவு செய்யாதீர்கள். நுழைவாயில் பலகையைப் படியுங்கள், டவுன் இணையதளத்தில் அந்த நிலத்தின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். சந்தேகம் இருந்தால் டவுன் ஹாலில் கன்சர்வேஷன் அலுவலகத்துக்கு ஒரு போன் போதும்.

நாயைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் வெர்னல் பூல் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். காட்டுக்குள் பனி உருகி நிற்கும் சிறு குட்டைகள் இவை. வசந்தத்தில் நிரம்பும், பெரும்பாலானவை கோடையில் வற்றிவிடும். வற்றிவிடுவதால் மீன் கிடையாது; மீன் இல்லாததால்தான் வுட் ஃபிராக் என்னும் காட்டுத் தவளையும், பல்லி போலத் தோன்றும், தவளைக்கு உறவான மஞ்சள் புள்ளி சாலமாண்டரும் அங்கே வந்து முட்டையிடுகின்றன. மார்ச் கடைசியிலோ ஏப்ரல் தொடக்கத்திலோ குளிர் விட்ட முதல் மழை இரவில், மண்ணுக்குள் கிடந்த சாலமாண்டர்கள் வெளியே வந்து, பெரும்பாலும் தாங்கள் பிறந்த குட்டையைத் தேடியே ஊர்ந்து போகும். ஒரு நாய் சந்தோஷமாக உள்ளே குதித்து இரண்டு சுற்று ஓடினால் போதும், குச்சிகளில் ஒட்டியிருக்கும் முட்டைக் கொத்துகள் பிய்ந்துவிடும். உண்ணிக்காக நாயின் மேல் தடவும் மருந்து தண்ணீரில் கரைந்தால் அங்கிருக்கும் பூச்சிகளுக்கும் கேடு. லீஷ் (நாயைப் பிடித்துக்கொள்ளும் கயிறு) கட்டாயம் என்று பலகை சொல்வதற்குப் பின்னால் இதுவும் இருக்கிறது.

இதை நான் தாமதமாகத்தான் கற்றேன். என் மகளுக்கு ஆறு வயதாக இருந்தபோது, ஊர் வாய்க்காலில் நான் மீன்குஞ்சு பிடித்த நினைவில், அவளை அப்படி ஒரு குட்டைக்குக் கூட்டிப்போய்த் தலைப்பிரட்டைகளை ஒரு ஜாடியில் பிடித்து வந்தேன். மூன்று நாளில் எல்லாம் செத்துவிட்டன. பிறகு ஒரு நடைப்பயணத்தில் ஒரு மூத்த தன்னார்வலர் இந்தக் குட்டைகளைப் பற்றி விளக்கியபோது மனது கனத்துவிட்டது. மகளிடம் அன்று இரவே சொன்னேன். அடுத்த வசந்தத்தில் இருவரும் ஜாடி இல்லாமல் போனோம், வெறும் கண்ணால் பார்த்துவிட்டு வந்தோம். நான் தன்னார்வலராகச் சேர்ந்தது அதற்குப் பிறகுதான்.

மற்ற விதிகள் எளிமையானவை. பொதுவாகச் சூரிய உதயத்திலிருந்து அஸ்தமனம் வரைதான் அனுமதி. நெருப்பு, மது, மோட்டார் வண்டி கூடாது. எலக்ட்ரிக் சைக்கிளையும் மண் பாதையில் ஓட்டாதீர்கள், டவுன் வெளிப்படையாக அனுமதித்திருந்தால் தவிர. குப்பைத் தொட்டி இருக்காது, கொண்டுபோனதைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். நாயின் கழிவைப் பையில் கட்டி மரத்தடியில் விட்டுப் போகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

வீட்டை ஒட்டி நிலம் இருக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் எல்லையை ஒரு முறை சர்வே வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். புல் வெட்டிய குப்பையை வேலிக்கு அப்பால் கொட்டுவது, கொட்டகையை நான்கு அடி தள்ளிப் போடுவது எல்லாம் நல்ல மனிதர்களே அறியாமல் செய்கிற தவறுகள். தோட்டக் குப்பையோடு போகும் கொடிகளும் விதைகளும் காட்டுக்குள் பரவிவிட்டால் பிடுங்கி மாளாது.

அப்புறம், இலையுதிர் காலம். சில டவுன்கள் கன்சர்வேஷன் நிலத்தில் மான் வேட்டையை அனுமதிக்கின்றன, சில அனுமதிப்பதில்லை. உங்கள் டவுன் எந்த வகை என்று கேட்டு வையுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் கடைசி வரை குழந்தைக்கும் நாய்க்கும் பளிச்சென்ற ஆரஞ்சு மேலாடை போட்டுவிடுங்கள். உண்ணிச் சோதனை வருடம் முழுக்க வேண்டும், உண்ணி கடித்து வரும் லைம் நோய் இந்தப் பகுதியில் நிஜமான ஆபத்து.

சரி, பிறந்தநாள். டவுனின் பொழுதுபோக்குத் துறை நடத்தும் பூங்காவில் கூரை போட்ட இடம் வாடகைக்குக் கிடைக்குமா என்று ஏப்ரலிலேயே விசாரியுங்கள். கேக்கும் பலூனும் அங்கே. அது முடிந்த பிறகு நாலைந்து குழந்தைகளை மட்டும் ட்ரெயிலுக்குக் கூட்டிப் போங்கள். அந்த நிலத்தில் தீவனத்துக்காகப் புல் வளர்க்கும் வெளி இருந்தால், அறுவடையை ஜூலை வரை தள்ளிவைத்திருக்கிறார்களா என்று பலகையில் பாருங்கள். இருந்தால் அங்கே பாபலிங்க் பறவைகள் தரையில் கூடு கட்டியிருக்கும். தென் அமெரிக்காவிலிருந்து வந்தவை. பாதையை விட்டு இறங்காமல் ஓரத்தில் ஐந்து நிமிடம் பேசாமல் நின்றால், ஆண் பறவை கறுப்பும் வெள்ளையுமாகப் புல்லுக்கு மேலே எழும்பிப் பாடிக்கொண்டே பறக்கும்.