சீட்டைக் கொளுத்தினால் காவலரா?

கேள்வி: 1975-ல் அமெரிக்கக் கண்ட்ரி இசை (அங்குள்ள கிராமிய மரபில் வந்த பாட்டு வகை) விருது விழா மேடையில், பாப் பக்கம் சாய்ந்த பாடகர் ஜான் டென்வர் பெயர் இருந்த சீட்டையே கொளுத்தினார் பாடகர் சார்லி ரிச். அப்படி அசல் கண்ட்ரியைக் காவல் காத்த ஆட்கள் அதன்பிறகு இல்லாததால்தானே 90-களில் பாப் வியாபாரிகள் முன்னணிப் பாடல் பட்டியலையும் விருதையும் கைப்பற்றினார்கள்? (ஒரு வாசகர்)

பதில்: கொளுத்தியது உண்மை. முந்தின வருடம் 'ஆண்டின் சிறந்த கலைஞர்' விருது வாங்கியவர் என்பதால் அடுத்தவர் பெயரை அறிவிக்க அவரைக் கூப்பிட்டார்கள். உறையைப் பிரித்தார், லைட்டரை எடுத்தார், சீட்டில் தீ வைத்தார். அது எரிந்துகொண்டிருக்கும்போதே "என் நண்பர் ஜான் டென்வர்" என்று அறிவித்தார். ஆஸ்திரேலியாவிலிருந்து செயற்கைக்கோள் வழியே பேசிய டென்வரோ, நடந்தது தெரியாமல் சிரித்த முகத்தோடு நன்றி சொன்னார்.

சரி, கொளுத்தியவர் யார்? மெம்ஃபிஸ் நகரில் சன் இசைத்தட்டு நிறுவனத்துக்கு ராக் அண்ட் ரோல் பாடியவர். ஜாஸ் பியானோவில் ஊறியவர். 1973 கடைசியில் அமெரிக்க பாப் பட்டியலிலேயே முதலிடம் பிடித்தவர். பாப் பக்கம் போனதுதான் டென்வர் செய்த குற்றமென்றால் அதை முன்னாலேயே செய்தவர் இவர்! அன்றிரவு வலி மாத்திரையும் ஜின்னும் சேர்ந்து செய்த வேலை அது என்று அவர் மகனே பின்னாளில் விளக்கம் கொடுத்துவிட்டார்.

1974-ல் பாப் பாடகி ஒலிவியா நியூட்டன்-ஜானுக்குச் சிறந்த பாடகி விருது போனதும், பழைய கண்ட்ரி பாடகர்கள் எதிர்ப்புத் தெரிவித்து, பாடகத் தம்பதி ஜார்ஜ் ஜோன்ஸ், டாமி வைனெட் வீட்டில் கூடி, தனிச் சங்கமே தொடங்கினார்கள். ஆனால் டாமியின் பாடல்களில் வயலின் கூட்டத்தை இறக்கிய தயாரிப்பாளர் பில்லி ஷெரில்தான் ரிச்சுக்கும் தயாரிப்பாளர். அசல் எங்கே, கலப்படம் எங்கே?

பட்டியல் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் பொற்காலம் என்று நம்பும் 80-களில் வாரத்துக்கு ஒரு பாட்டு முதலிடம் வந்து, மறுவாரமே இறங்கியது. வானொலி நிலையங்கள் தாங்களே எழுதிக்கொடுத்த கணக்கு அது. கம்பெனிக்காரர்கள் நிலையத்துக்கு நிலையம் பேசி, இந்த வாரம் உனக்கு, அடுத்த வாரம் எனக்கு என்று முறை வைக்க வசதியான ஏற்பாடு. 1990 ஜனவரியில், இந்தப் பட்டியலை வெளியிடும் பில்போர்ட் பத்திரிகை, ஒலிபரப்பைக் கருவியே கேட்டு எண்ணும் முறைக்கு மாறியது. முதலிடப் பாடல்களின் எண்ணிக்கை ஒரே வருடத்தில் ஏறக்குறைய பாதியானது. அதுவரை ஒரு வாரத்துக்கு மேல் முதலிடத்தில் நிற்காத கண்ட்ரி பாடகர் ஜார்ஜ் ஸ்ட்ரெய்ட், அந்த வருடம் ஒரே பாட்டோடு ஐந்து வாரம் உட்கார்ந்தார்.

1991 மே மாதம் ஆல்பங்களுக்கும் அதே கதி. கடைக்காரரிடம் தொலைபேசியில் விசாரிப்பதை விட்டுவிட்டு, கல்லாவில் பார்கோடு பதிவதை எண்ணினார்கள். செப்டம்பரில் கண்ட்ரி பாடகர் கார்த் புரூக்ஸின் ஆல்பம் வெளியான வேகத்தில், எல்லா இசை வகைக்குமான பொதுப் பட்டியலில் நேராக முதலிடம் புகுந்தது. கண்ட்ரி ஆல்பம் எதுவும் அதற்கு முன் அப்படிப் புகுந்ததில்லை. வாங்கும் கூட்டம் புதிதாக முளைக்கவில்லை ஐயா, எண்ணத்தான் ஆளில்லாமல் இருந்தது. கார்த் பாட்டு உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம், எனக்கும் எல்லாம் பிடிக்காது. அதற்காக எண்ணியவன்மேல் கோபப்படுவானேன்?

எதிர்ப்புக்கு உதாரணம் வேண்டுமா, அதே விருதின் 1999 விழாவைப் பாருங்கள். ஜார்ஜ் ஜோன்ஸைப் பாட்டைச் சுருக்கிப் பாடச் சொன்னார்கள். அவர் மறுத்து வரவே இல்லை. பாடகர் ஆலன் ஜாக்சன் தன் பாட்டைப் பாதியில் நிறுத்தி, ஜோன்ஸ் பாட்டின் பல்லவியைப் பாடிவிட்டு மேடையை விட்டு இறங்கிப் போனார். லைட்டர் தேவைப்படவில்லை.