புது வீடு, போன தூக்கம்

ஆலோசகருக்கு வணக்கம்.

எனக்கு 44 வயது. கணவர் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். கல்யாணமாகி வந்ததிலிருந்து சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் ஒரு லைன் வீட்டில்தான் இருந்தோம். முன்னறையில் பட்டறை, பின்னால் ஒரே ஒரு அறை, ஒரு சமையல் மூலை. பகல் முழுக்க மெஷின் சத்தம். மத்தியானமானால் நானும் அத்தையும் அக்கம்பக்கத்துப் பெண்களும் திண்ணையில் உட்கார்ந்து கொலுசுக்குச் சலங்கை கோர்ப்போம். இந்தச் சந்தடியை விட்டு எப்போது சொந்த வீட்டுக்குப் போவோம் என்று நான் வேண்டாத சாமி இல்லை.

கண்ணங்குறிச்சிப் பக்கம் மனை வாங்கி, லோன் போட்டு, மாடி வீடாகக் கட்டிவிட்டோம். தை மாதம் பால் காய்ச்சினோம். கிரானைட் தரை, ஃபால்ஸ் சீலிங், மாடுலர் கிச்சன், சுற்றிலும் ஏழடி காம்பவுண்டு. பட்டறை மட்டும் பழைய தெருவிலேயே இருக்கிறது. வந்து பார்த்தவர்கள் எல்லாம் கொடுத்து வைத்தவள் என்றார்கள்.

பங்குனி பிறந்ததிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. எங்கள் அறை மாடியில், மேற்குப் பக்கம். ராத்திரி இரண்டு மணிக்குச் சுவரைத் தொட்டாலும் சுடுகிறது. காலையில் எழுந்தால் கை கால் ஓடுவதில்லை. எல்லோரும் கிளம்பிப் போன பிறகு சமையல்கட்டில் நின்று அழுகிறேன், காரணம் தெரியவில்லை. அங்கே ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்தான் தெரியும். அத்தைக்கு 72 வயது. பாத்ரூமோடு கீழே தனி அறை கொடுத்திருக்கிறோம். டிவியை ஓடவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். சாப்பாடு பாதியாகிவிட்டது. பிளஸ் டூ படிக்கும் மகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினால் சாப்பிடத்தான் வெளியே வருகிறாள். கணவர் பட்டறையிலிருந்து வர ஒன்பது, பத்து ஆகிறது. வந்ததும் ஹால் சோபாவில் போனோடு உட்கார்ந்துவிடுகிறார்.

வாஸ்து குற்றம் என்கிறார் நாத்தனார். மாடிப்படியை இடித்து மாற்றி, கேட்டை நகர்த்த 1.80 லட்சம் ஆகுமாம். இவ்வளவு கடன் வாங்கிக் கட்டிய வீட்டில் மனசு சரியில்லை என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. குற்றம் வீட்டிலா, என்னிடமா?

– ஒரு வாசகி, சேலம்

அன்புச் சகோதரிக்கு,

முதலில் அந்த 1.80 லட்சத்தைச் செலவு செய்யாமல் வையுங்கள். நாத்தனாரின் நம்பிக்கையில் நான் குறுக்கிடவில்லை. ஆனால் நீங்கள் எழுதிய கஷ்டங்களில் எதுவும் மாடிப்படியிலிருந்து வந்ததாகத் தெரியவில்லை. ராத்திரி சூடு, பேச ஆளில்லாத பகல், சுவரைப் பார்த்த ஜன்னல், அத்தையின் சும்மா கிடக்கும் கைகள். இவை ஒவ்வொன்றுக்கும் அதைவிடக் குறைந்த செலவில் வழி இருக்கிறது.

பழைய வீட்டில் தனியாக இருக்க இடமில்லை. அது உங்களை வாட்டியது, அதனால் தனி அறைகளாகக் கட்டினீர்கள். அதில் தப்பே இல்லை. ஆனால் மனசுக்கு இரண்டும் வேண்டும். ஆட்களோடு இருக்கத் தோன்றும்போது போய் உட்கார ஓர் இடம், தனியாக இருக்கத் தோன்றும்போது ஒதுங்க ஓர் இடம். எந்த நேரத்தில் எது என்பது நம் கையில் இருக்கவேண்டும். புது வீட்டில் ஒதுங்க நாலு இடம் இருக்கிறது, சேர்ந்து உட்கார ஓர் இடம்கூட இல்லை. ஹால் இருக்கிறதே என்பீர்கள். ஹாலில் யாரும் தற்செயலாக வந்து உட்காருவதில்லை. திண்ணையில் உட்கார்ந்தால் தெருவே வந்து பேசும்.

திண்ணையில் இன்னொன்றும் இருந்தது. சலங்கை கோர்க்கும்போது கண் கையில் இருக்கும், வாய் சும்மா இருக்காது. எதிரில் உட்காரவைத்து ‘மனசுல என்ன, சொல்லு’ என்று கேட்டால் வராத பேச்சு, பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்யும்போது தானாக வந்துவிடும். என்னிடம் வருகிற பல குடும்பங்களில் இதைப் பார்க்கிறேன். மாமியாரும் மருமகளும் இத்தனை வருஷம் ஒரே அறையில் ஒத்துப் போனதற்கு அந்த மத்தியானங்களுக்கும் பங்கு இருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

அத்தையின் விஷயத்தில் இது இன்னும் பெரிது. 72 வயது வரை தினம் வேலை செய்த கை அது. நாலு காசு வந்தது, நாலு பேர் தேடி வந்தார்கள். தனி அறை கொடுத்தபோது, நல்ல எண்ணத்தோடுதான், அவருடைய வேலையையும் தெருவையும் சேர்த்து எடுத்துவிட்டோம். பட்டறையிலிருந்து வரும்போது கொஞ்சம் சலங்கை வேலை கொண்டுவரச் சொல்லுங்கள். கண் பார்வை இடம் கொடுக்கும் அளவுக்குப் போதும். அப்புறம் ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டு, கேட்டை ஒட்டி, சாயங்காலம் நிழல் விழுகிற இடத்தில், ஒன்றரை அடி உயரத்துக்கு ஒரு திண்ணை போடுங்கள். அதைவிடத் தாழ்வாக இருந்தால் வயதான முழங்காலுக்கு எழுந்திருப்பது கஷ்டம். அந்த இடத்தில் மட்டும் காம்பவுண்டை நாலடி அகலத்துக்கு எடுத்துவிட்டுக் கம்பிக் கிராதி வைத்தால் பாதுகாப்பும் குறையாது, போகிற வருகிறவர்கள் முகமும் தெரியும். முதல் வாரம் யாரும் நின்று பேசமாட்டார்கள். ஆனாலும் விடாமல் உட்காருங்கள். உங்களைப் போலவே புதிதாகக் கட்டி வந்து, ஏழடிச் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் பெண்கள் அந்தத் தெருவிலேயே இருப்பார்கள்.

தூக்கத்துக்கு வருவோம். கான்கிரீட் கூரையும் மேற்குச் சுவரும் மத்தியான வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரியெல்லாம் வெளியே விடுகின்றன. நமக்குத் தூக்கம் வரவேண்டுமானால் உடம்பின் உள்சூடு கொஞ்சம் இறங்கவேண்டும். சுவர் சுடும்போது அது எப்படி இறங்கும்? ஃபேன் அந்தச் சூட்டுக் காற்றைத்தான் சுற்றிவிடுகிறது. சித்திரை, வைகாசி முடியும்வரை படுக்கையைக் கீழே இறக்கிவிடுங்கள். பெட்ரூம் மாடியில்தான் இருக்கவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்போ கூலிங் பெயின்ட்டோ அடியுங்கள், வெள்ளை நிறம் வெயிலில் பெரும்பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். மேற்குச் சுவருக்கு வெளியே பந்தல் போட்டு ஒரு கொடியை ஏற்றிவிட்டால் அடுத்த கோடைக்குள் நிழல் தரும். ஃபால்ஸ் சீலிங்கில் இருக்கும் வெள்ளை விளக்குகளை எட்டு மணிக்கு மேல் அணைத்துவிட்டு ஒரு மஞ்சள் விளக்கு மட்டும் போடுங்கள். பளீரென்ற வெளிச்சம் தூக்கத்துக்கான சுரப்பைத் தள்ளிப்போடும்.

சமையல்கட்டு ஜன்னலைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். ராஜர் உல்ரிச் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1984-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். பித்தப்பை ஆபரேஷன் செய்துகொண்டவர்களில், ஜன்னல் வழியாக மரம் தெரிந்தவர்கள் செங்கல் சுவர் மட்டும் தெரிந்தவர்களைவிட முன்னதாக வீடு திரும்பினார்கள், வீரியமான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. பக்கத்து வீட்டுச் சுவரை உங்களால் நகர்த்த முடியாது. ஆனால் ஜன்னலுக்கு வெளியே கம்பி அடித்து இரண்டு தொட்டி வைக்கலாம். நிழலில் வரும் மணி பிளான்ட்டே போதும்.

இங்கே ஒன்று கேட்கிறேன். கடிதத்தில் எல்லோருக்கும் இடம் இருக்கிறது. அத்தைக்குக் கீழ் அறை, மகளுக்கு மாடி அறை, கணவருக்குச் சோபா. நீங்கள் மட்டும் சமையல்கட்டில் நிற்கிறீர்கள். உங்கள் இடம் எங்கே? கண்ணங்குறிச்சியிலிருந்து வடக்கே ஏற்காட்டு மலை தெரியும். எந்த ஜன்னலில், மாடியின் எந்த மூலையில் அது தெரிகிறதென்று பார்த்து, அங்கே ஒரு நாற்காலி போடுங்கள். துணி காயப்போடும் ஸ்டாண்டு அங்கே வரக்கூடாது. காலைக் காபியை அங்கே உட்கார்ந்து குடியுங்கள். காலை வெளிச்சம் கண்ணில் பட்டால்தான் உடம்பின் கடிகாரம் சரியாக ஓடும், ராத்திரித் தூக்கத்துக்கு அதுவும் ஒரு வேர். முடிகிற நாளில் மூக்கனேரிப் பக்கம் ஒரு நடை போய்வாருங்கள். ஏரிக்குள் இருக்கும் மண்திட்டுகளில் மரம் வளர்ந்து இப்போது பறவைகள் நிறைய வருகின்றன.

மகள் கதவைச் சாத்துவதைப் பற்றி இப்போதைக்குக் கவலை வேண்டாம். பிளஸ் டூ வயதில் அது இயல்பு. தட்டிவிட்டு உள்ளே போங்கள், அவ்வளவுதான்.

கணவரிடம் ‘இந்த வீடு எனக்குப் பிடிக்கலை’ என்று ஆரம்பிக்காதீர்கள். கடன் தலைக்கு மேல் இருக்கும் மனிதருக்கு அந்த வார்த்தை குத்தும், மேலே எதுவும் காதில் ஏறாது. ‘நீங்க தினமும் அந்தத் தெருவுக்குப் போயிட்டு வர்றீங்க, நானும் அத்தையும் ஒரேயடியா விட்டுட்டு வந்துட்டோம்’ என்று சொல்லுங்கள். அவருக்குப் பழைய தெருவும் பழைய ஆட்களும் இன்னும் இருக்கிறார்கள், உங்கள் வெறுமை அவர் கண்ணில் படாததற்கு அதுதான் காரணமாக இருக்கும். வாரத்தில் ஒரு நாள் நீங்களும் அத்தையும் அவரோடு பட்டறைக்குப் போய்ப் பழைய சிநேகிதிகளைப் பார்த்துவிட்டு வரலாமே.

கடைசியாக, குற்றம் யாரிடம் என்று கேட்டிருந்தீர்கள். வீட்டில் சில குறைகள் இருக்கின்றன, சரி செய்யலாம். உங்களிடம் குற்றம் இல்லை, ஆனால் உடம்பைப் பார்க்கவேண்டும். தூக்கமின்மையும் அழுகையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அதை வீட்டின் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. 44 வயதில் தைராய்டு, ரத்தசோகை, மாதவிடாய் நிற்கப்போகும் பருவத்தின் மாற்றம் எதுவானாலும் இப்படித்தான் காட்டும், மனச்சோர்வும் இப்படித்தான் காட்டும். 72 வயதில் சாப்பாடு பாதியாகக் குறைவதைத் தள்ளிப்போடவே கூடாது. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவும் இருக்கிறது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்கு எந்த நேரத்திலும் போன் செய்து தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. ‘அத்தையைக் காட்டப் போகிறேன்’ என்றால் வீட்டில் யாரும் மறுக்கமாட்டார்கள். இந்த வாரமே கூட்டிப் போங்கள், அங்கே உங்கள் பெயருக்கும் ஒரு சீட்டு எழுதிக்கொள்ளுங்கள்.