பிட்காயினில் பணம் அனுப்பினால் யாருக்கும் தெரியாதா?

கேள்வி: பிட்காயினில் பணம் அனுப்பினால் அனுப்பியது யார் என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்று என் தம்பி அடித்துச் சொல்கிறான். உண்மையா சார்?
- வாசகி, ஈரோடு

இல்லை அம்மா, தம்பி சொல்வதை நம்பாதீர்கள். எந்த முகவரியிலிருந்து (வங்கிக் கணக்கு எண் மாதிரி) எந்த முகவரிக்கு, எவ்வளவு, எப்போது போனது என்பதெல்லாம் பிளாக்செயின் என்ற பொதுக் கணக்குப் புத்தகத்தில் அழியாமல் கிடக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதில் இல்லாதது பெயர் மட்டும்தான். அந்தப் பெயரையும் பிடித்துவிடலாம் என்று 2013-லேயே சாரா மைக்கிள்ஜானும் அவருடைய சக ஆய்வாளர்களும் சான் டியாகோவில் இருக்கும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்திலிருந்து காட்டிவிட்டார்கள். அவர்கள் எதையும் ஹேக் செய்யவில்லை. தாங்களே வாடிக்கையாளராகப் போய் எக்ஸ்சேஞ்சில் (பிட்காயின் வாங்கி விற்கும் தளத்தில்) பணம் போட்டார்கள், எடுத்தார்கள், கடைகளில் பொருள் வாங்கினார்கள், சூதாட்டத் தளங்களிலும் விளையாடினார்கள். மொத்தம் 344 பரிவர்த்தனைகள். ஒவ்வொன்றிலும் எதிர்ப்பக்கத்து முகவரி யாருடையது என்று தெரிந்துவிடும் இல்லையா? அப்புறம் நடந்ததுதான் முக்கியம். ஒரே பரிவர்த்தனைக்குப் பல முகவரிகளிலிருந்து பணம் எடுக்கப்பட்டால், அந்த முகவரிகள் எல்லாம் பெரும்பாலும் ஒரே ஆளுடையவை (2008-ல் வந்த பிட்காயினின் முதல் கட்டுரையே இந்த ஓட்டையை ஒப்புக்கொள்கிறது). செலவு போக மீதி திரும்பி வந்து சேரும் புதிய முகவரியும் அதே ஆளுடையதுதான். இப்படிக் கோத்துக்கொண்டே போனால், கையில் இருந்த கொஞ்சம் முகவரிகளை வைத்தே பெரிய எக்ஸ்சேஞ்சுகளின் லட்சக்கணக்கான முகவரிகள் அடையாளம் தெரிந்துவிடுகின்றன. எக்ஸ்சேஞ்சில் கேஒய்சி, அதாவது வாடிக்கையாளரின் அடையாளச் சரிபார்ப்பு இருக்கிறது, அங்கே உங்கள் பெயரும் இருக்கிறது. 2021 மே மாதம் அமெரிக்காவின் கொலோனியல் பைப்லைன் நிறுவனம் ஹேக்கர்களுக்குக் கொடுத்த 75 பிட்காயினில் 63.7-ஐ அடுத்த மாதமே அந்நாட்டுப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ மீட்டது, இந்தத் தடத்தைப் பிடித்துப் போய்த்தான்.

கேள்வி: டோர் வழியாக பிட்காயின் பயன்படுத்தினால் ஐபி முகவரி தெரியாது, அது போதாதா?
- பொறியியல் மாணவர், திருநெல்வேலி

போதாது தம்பி. (டோர் என்பது உங்கள் இணையத் தொடர்பைப் பல கணினிகள் வழியாகச் சுற்றிவிட்டு, உங்கள் கணினியின் இணைய முகவரியான ஐபியை மறைக்கும் வலை.) லக்சம்பர்க் பல்கலைக்கழகத்தின் பிரியுகோவும் புஸ்தொகாரோவும் 2015-ல் இதைத்தான் ஆராய்ந்தார்கள். அப்போதைய விதிப்படி, தவறான செய்தி அனுப்பும் ஐபி முகவரியை பிட்காயின் கணு (பிட்காயின் வலையில் இருக்கும் கணினி) 24 மணி நேரத்துக்குத் தடை செய்துவிடும். தாக்குபவர் வேண்டுமென்றே டோரின் வெளியேறும் கணுக்கள் (டோரிலிருந்து வெளி இணையத்துக்குப் போகும் கடைசிக் கணினிகள்) வழியாகத் தப்புச் செய்திகளை அனுப்பி, அந்த வெளியேறும் கணுக்களையெல்லாம் நேர்மையான பிட்காயின் கணுக்கள் தடை செய்யும்படி பண்ணலாம் என்று காட்டினார்கள். கடைசியில் தாக்குபவரே நடத்தும் கணுக்கள்தான் உங்களுக்கு மிஞ்சும், உங்கள் பரிவர்த்தனைகள் அவர் வழியாகத்தான் போகும். பாதுகாப்புக்காக வைத்த விதியே ஆயுதமாகிவிட்டது, எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த ஆய்வுகளில் இது ஒன்று.

இதே குழு 2014-ல் டோர் இல்லாதவர்களின் ஐபியைக் கண்டுபிடிக்கும் வழியைப் பிட்காயின் சோதனை வலையில் (மதிப்பில்லாத நாணயங்களை வைத்துப் பரிசோதிக்கும் தனி வலையில்) சரிபார்த்து, 11 முதல் 60 சதவீதம் வரை வெற்றி கிடைக்கும் என்று மதிப்பிட்டது. நீங்களும் முயன்று பார்க்க நினைத்தால் சோதனை வலையிலேயே செய்யுங்கள், நிஜமான மனிதர்களின் பரிவர்த்தனைகளைத் தொடாதீர்கள்.